சூசையப்பர் மிஷனும் ஃப்ரீமான்ட் நகரமும்: வாசகர் கேள்வி – பதில்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரையும் அங்குள்ள பழைய ஸ்பானிய மிஷனையும் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். அங்கே குடியேறிய தமிழர்களும், பிள்ளைகளைப் பார்க்கப் போய்வரும் பெற்றோரும்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் இருப்பது சான் ஹோசே நகரம். ஆனால் ‘மிஷன் சான் ஹோசே’ ஃப்ரீமான்டில் இருக்கிறது என்கிறார்கள். ஒரே பெயரில் இரண்டு ஊர் எப்படி? – வாசகி, சான் ஹோசே

பெயர் ஒன்று, அமைப்பு வேறு. ஸ்பெயின் அரசு கலிஃபோர்னியாவில் மூன்று விதமான குடியிருப்புகளை நிறுவியது. படைவீரர்களுக்குக் கோட்டை, குடியானவர்களுக்கு ஊர், பழங்குடி மக்களைக் கிறிஸ்தவர்களாக்கி வேலை வாங்க மிஷன். நீங்கள் வசிக்கும் சான் ஹோசே, 1777-ல் குடியானவர்களுக்காக ஏற்பட்ட ஊர். மிஷன் 20 ஆண்டு கழித்து, 1797 ஜூன் 11 அன்று, அங்கிருந்து ஏறத்தாழ 15 மைல் வடக்கே ஒரு மலையடிவாரத்தில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ஃபெர்மின் தெ லசுவென் என்ற பிரான்சிஸ்கன் சபைத் துறவி. அந்த ஒரே ஆண்டில் அவர் நான்கு மிஷன்களை நிறுவினார். அவற்றில் இது முதலாவது, மொத்த வரிசையில் 14-வது.

இரண்டுக்குமே புனித சூசையப்பர் (ஸ்பானிய மொழியில் ‘சான் ஹோசே’) பெயர்தான். பழைய புத்தகங்கள் சிலவற்றில் மிஷனை ‘சான் ஹோசே தெ குவாதலூபே’ என்று எழுதியிருப்பார்கள். அது தவறு, குவாதலூபே என்ற பின்னொட்டு ஊருக்கு உரியது.

கேள்வி: மிஷன் வருமுன் அங்கே யார் இருந்தார்கள்? அவர்கள் விரும்பித்தான் மதம் மாறினார்களா? பள்ளிப் பாடத்தில் அன்பான பாதிரியார்கள், தோட்டம், மணி என்றுதான் இருக்கிறது. – வாசகர், ஃப்ரீமான்ட்

மிஷன் எழுந்த இடத்துக்கு ‘ஓரோய்சோம்’ என்று பெயர். அங்கே இருந்தவர்கள் ஒலோனி மக்கள். இந்தப் பகுதியில் அவர்கள் பேசியது சோச்சென்யோ மொழி. ஓக் மரக் கொட்டையை இடித்து, துவர்ப்புப் போகத் தண்ணீரில் பலமுறை அலசி, மாவாக்கிக் கஞ்சி காய்ச்சுவார்கள். வளைகுடாவின் சிப்பி, மீன், வாத்து, புல்வெளியின் விதைகள் எல்லாம் அவர்கள் உணவு. கோரையைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துப் படகும் வீடும் செய்தார்கள். புல்வெளிக்கு அவர்கள் முறை வைத்துத் தீயிடுவார்கள். பழைய புல் எரிந்தால்தான் அடுத்த பருவத்தில் விதை தரும் செடிகள் செழிக்கும்.

விரும்பி வந்தார்களா என்ற கேள்விக்கான பதில் இந்தப் புல்வெளியில் இருக்கிறது. ஸ்பானியர்களின் மாடும் ஆடும் குதிரையும் விதைகளை மேய்ந்து தீர்த்தன. 1793-ல் ஆளுநர் அரியாகா புல்வெளிக்குத் தீயிடுவதைத் தடை செய்து ஆணை போட்டார். உணவின் வேரை இரண்டு பக்கமும் அறுத்தாயிற்று. கூடவே புதிய நோய்கள். உறவினர்களில் சிலர் ஏற்கெனவே வேறு மிஷன்களுக்குள் இருந்தார்கள். இந்த நெருக்கடியில் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டால், அதைச் சுதந்திரமான தேர்வு என்று சொல்வது சரியல்ல என்பதே எங்கள் கருத்து.

உள்ளே வந்தபின் அனுமதியில்லாமல் வெளியேற முடியாது. ஓடினால் படைவீரர்கள் தேடிப்பிடித்து வருவார்கள், சவுக்கடி உண்டு. மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் தொழ வேண்டும், மணி அடித்தால் வேலைக்குப் போக வேண்டும். மணமாகாத பெண்களையும் சிறுமிகளையும் இரவில் தனிக் கொட்டடியில் வைத்துப் பூட்டினார்கள். காற்றோட்டமில்லாத அந்த அறைகளில் தொற்றுநோய் சீக்கிரம் பரவியது. 1806-ல் வளைகுடாப் பகுதி மிஷன்களைத் தட்டம்மை தாக்கியபோது அதைத் தாங்கும் எதிர்ப்புச் சக்தி யாருக்கும் இல்லை. இந்த ஒரு மிஷனின் பதிவேடுகளில் ஞானஸ்நானம் ஆறாயிரத்துக்கும் மேல், இறப்பு நாலாயிரத்துக்கும் மேல்.

உள்ளூர் மக்கள் செத்துக் குறையக் குறைய, மிஷன் ஆட்களைத் தேடி இன்னும் கிழக்கே போனது. ஆற்று முகத்துவாரத்திலிருந்து மீவோக் மக்கள், நடுப் பள்ளத்தாக்கிலிருந்து யோக்குத்ஸ் மக்கள், வடக்கிலிருந்து பத்வின் மக்கள் என்று கொண்டுவரப்பட்டார்கள். ஆகவே ஒரே முற்றத்தில் ஒருவருக்கொருவர் புரியாத பல மொழிகள் புழங்கின. 1831 வாக்கில் இங்கே 1,800-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். கூட்டம் பெருகியது போலத் தெரிந்தாலும், பிறப்பு குறைவு, இறப்பு அதிகம். புதிதாகக் கொண்டுவந்ததால்தான் எண்ணிக்கை நின்றது.

பாடப்புத்தகம் சொல்லும் இசையும் பொய்யல்ல. 1806 முதல் 1833 வரை இங்கிருந்த பாதிரியார் நார்சிசோ துரான், பழங்குடியினரைக் கொண்டு ஏறத்தாழ 30 பேர் அடங்கிய வாத்தியக் குழு ஒன்றை உருவாக்கினார். ஒவ்வொரு குரலுக்கும் ஒவ்வொரு நிறத்தில் சுரங்களை எழுதி, ஒரே தாளைப் பார்த்துப் பலரும் பாடும்படி செய்தார். வயலின் கற்றுக்கொண்டவரும் சவுக்கடி பட்டவரும் ஒரே ஆளாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

எஸ்தனிஸ்லாவோவையும் சொல்லிக்கொடுங்கள். குகுனுச்சி என்ற இயற்பெயர் கொண்ட யோக்குத்ஸ் மனிதர். மிஷனுக்குள் பழங்குடியினரின் தலைவராக நியமிக்கப்பட்டவர். 1828-ல் சொந்த ஊருக்குப் போனவர் திரும்ப மறுத்தார். பல மிஷன்களிலிருந்து தப்பியவர்கள் அவரோடு சேர்ந்தார்கள். பதுங்குகுழி வெட்டி, மரவேலி அமைத்து, வந்த படையை விரட்டினார்கள். 1829-ல் படை அதிகாரி மரியானோ வயேஹோ பீரங்கியோடு போய்க் காட்டுக்குத் தீ வைத்த பிறகே அந்த எதிர்ப்பு உடைந்தது. எஸ்தனிஸ்லாவோ பிடிபடவில்லை, துரானிடமே வந்து, அவர் மூலம் மன்னிப்புப் பெற்றார். ஸ்டானிஸ்லாஸ் ஆறு, ஸ்டானிஸ்லாஸ் மாவட்டம் இரண்டும் அவர் பெயரில் வந்தவை.

கேள்வி: மிஷன் மூடப்பட்டபோது நிலம் பழங்குடியினருக்குத் திரும்பக் கிடைத்ததா? – வாசகர், திருச்சி

இல்லை. ஸ்பெயினிடமிருந்து பிரிந்து அப்போது கலிஃபோர்னியாவை ஆண்ட மெக்சிகோ அரசு 1833-ல் மிஷன்களைச் சபையிடமிருந்து எடுக்கச் சட்டம் போட்டது. அடுத்த ஆண்டு ஆளுநர் ஃபிகெரோவா வெளியிட்ட விதிகளின்படி சொத்தில் பாதி பழங்குடியினருக்குப் போக வேண்டும். நடைமுறையில், மிஷனை நிர்வகிக்க வந்தவர்களும் அவர்களது உறவினர்களும் பெரும் பண்ணைகளாக நிலத்தை வாங்கிக்கொண்டார்கள். இங்கே நிர்வாகியாக வந்தவர் ஹோசே தெ ஹெசூஸ் வயேஹோ; எஸ்தனிஸ்லாவோவை எதிர்த்துப் போன மரியானோவின் அண்ணன். 1842-ல் அவருக்குக் கிடைத்த பண்ணை 17,000 ஏக்கருக்கும் மேல்.

1846-ல் ஆளுநர் பியோ பிக்கோ மிஷன் கட்டடங்களையே 12,000 டாலருக்கு விற்றார். வாங்கியவர்களில் ஒருவர் அவர் தம்பி. பிறகு கலிஃபோர்னியாவைக் கைப்பற்றிய அமெரிக்க அரசு அந்த விற்பனை செல்லாது என்று சொல்லி, 1858-ல் கோயிலையும் சுற்றியுள்ள சிறிது நிலத்தையும் கத்தோலிக்கத் திருச்சபையிடம் கொடுத்தது. பழங்குடியினர் பண்ணைகளில் கூலிகளானார்கள்.

கேள்வி: ஒலோனி இனம் அழிந்துவிட்டது என்று படித்தேன். உண்மையா? – வாசகி, டொரான்டோ

உண்மையல்ல. இந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மானிடவியலாளர் ஆல்ஃப்ரெட் க்ரோபர் 1925-ல் வெளியிட்ட பெருநூலில், நடைமுறையில் இவர்கள் இல்லாமல் போய்விட்டார்கள் என்று எழுதினார். அதே பத்தாண்டில் ஜான் ஹாரிங்டன் என்ற மொழியியலாளர், பிளசன்டன் அருகே ஒலோனி குடியிருப்பில் ஆஞ்செலா கோலோஸ், ஹோசே குஸ்மான் ஆகியோரோடு உட்கார்ந்து சோச்சென்யோ சொற்களையும் பாடல்களையும் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தார். இருந்தவர்களை இல்லை என்று சொன்ன நூல்தான் பரவலாகப் படிக்கப்பட்டது. க்ரோபர் பின்னாளில் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். ஆனால் முதலில் சொன்னதே நிலைத்துவிட்டது.

இன்று முவெக்மா ஒலோனி மக்கள் கூட்டாட்சி அரசின் அங்கீகாரத்துக்காகப் பல்லாண்டுகளாகப் போராடிவருகிறார்கள். ஹாரிங்டனின் குறிப்புகளிலிருந்து சோச்சென்யோ மொழியை மீண்டும் பேச்சுக்குக் கொண்டுவருகிறார்கள்.

மூதாதையரைத் தேடுவோருக்கும் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கும் ஒரு வழி சொல்கிறோம். ஹண்டிங்டன் நூலகம் கலிஃபோர்னிய மிஷன்கள் எல்லாவற்றின் பதிவேடுகளையும் ஒரு தரவுத்தளமாக்கி இலவசமாக வைத்திருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஞானஸ்நானப் பதிவுகள் உண்டு. ஒரு பதிவில் வரிசை எண், தேதி, ஸ்பானியப் பெயர், வயது, பெற்றோர், பிறந்த ஊர் ஆகியவை இருக்கும். பலருக்கு இயற்பெயரும் இருக்கும். தேடும்போது ஸ்பானியப் பெயரை வைத்துத் தொடங்காதீர்கள். ‘ஹோசே’, ‘மரியா’ என்று ஆயிரக்கணக்கில் வந்து குவியும். பிறந்த ஊரின் பெயரை வைத்துத் தேடுங்கள். அதையும் மூன்று நான்கு எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு பாதிரியாரும் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். பிறகு ஞானஸ்நான எண்ணைக் குறித்துக்கொண்டு அதே எண்ணைத் திருமணப் பதிவிலும் இறப்புப் பதிவிலும் தேடினால் ஒருவரின் வாழ்க்கை கோவையாகக் கிடைக்கும். ஞானஸ்நானத்துக்கும் இறப்புக்கும் இடையே ஐந்தாறு ஆண்டுகளே இருப்பதைப் பலமுறை பார்க்க நேரும்.

கேள்வி: மகள் நான்காம் வகுப்பு. தோழிகளின் அக்காக்கள் எல்லாம் மிஷன் மாதிரி செய்தார்களாம். நாங்களும் அட்டையில் ஒன்று செய்ய வேண்டுமா? – ஒரு தாய், ஃப்ரீமான்ட்

தேவையில்லை. மாநிலத்தின் 2016 பாடத்திட்ட வழிகாட்டி, கட்டட மாதிரி செய்வதைவிட அங்கே வாழ்ந்தவர்களின் அன்றாடத்தைப் படிக்கச் சொல்கிறது. சர்க்கரைக் கட்டியிலும் அட்டையிலும் மணிக்கூண்டு செய்வதால் குழந்தை எதையும் கற்பதில்லை. கையால் ஏதாவது செய்தே தீர வேண்டும் என்றால், ஒரு அடோபிக் கல் செய்யுங்கள். அடோபி என்பது சூளையில் வைக்காமல் வெயிலில் காயவைத்த பச்சைக்கல். மிஷன் சுவர் அதனால்தான் எழுந்தது. அதை மிதித்துக் குழைத்தவர்கள் ஒலோனியரும் யோக்குத்ஸ் மக்களும்.

முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், நிறையத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில், களி ஒரு நாளுக்குப் பிறகு. மேலே நிற்கும் களி அடுக்கு மொத்த மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால் நல்லது. அதைவிட மிகுந்தால் மணல் சேருங்கள். குறைந்தால் கல் உதிரும்.

நாலு கிண்ணம் மண்ணுக்கு இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிய வைக்கோல் ஒரு கைப்பிடி. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். ஒரு கிண்ணம் போதும், சில சமயம் அதற்கும் குறைவு. ஒரு உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே விட்டுப் பாருங்கள். அப்பளமாய்ப் பரவினால் ஈரம் அதிகம், சிதறினால் குறைவு, லேசாகத் தட்டையாகி உருவம் நின்றால் பதம். பிசைந்ததை ஓர் இரவு மூடி வைத்தால் களி நன்றாக ஊறும். மரச்சட்டத்தை நனைத்து, மூலைகளில் அழுத்தி நிரப்பி, உடனே சட்டத்தைத் தூக்கிவிடுங்கள். காயும்வரை சட்டத்துக்குள் விட்டால் கல் சுருங்கி ஒட்டிக்கொள்ளும்.

முதல் இரண்டு நாள் நிழலில் வையுங்கள். நேரே வெயிலில் வைத்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நின்று வெடிக்கும். பிறகு பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தால் இரு பக்கமும் காற்றுப் படும். சின்னக் கல்லுக்கு ஒரு வாரம் ஆகும். மிஷன் கற்கள் ஏறத்தாழ 22 அங்குல நீளம், 11 அங்குல அகலம்; அவை காய வாரக்கணக்கில் ஆகும். ஒரு கல் செய்து முடித்ததும், ஒரு கோயில் சுவருக்கு எத்தனை கல், எத்தனை கை என்று மகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: இப்போது நாங்கள் பார்க்கும் வெள்ளைக் கோயில் 200 ஆண்டுப் பழமையானதா? – வாசகர், யூனியன் சிட்டி

கோயில் 1985-ல் திறக்கப்பட்டது. 1809-ல் எழுந்த அசல் அடோபிக் கோயில் 1868 அக்டோபர் 21 காலையில் ஹேவர்ட் பிளவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் நொறுங்கியது. ஏறத்தாழ 30 பேர் உயிரிழந்த அந்த நடுக்கத்தையே, அதைவிடப் பெரியது 1906-ல் வரும்வரை, ‘சான் ஃபிரான்சிஸ்கோ பெரும் நிலநடுக்கம்’ என்றார்கள். அதே இடத்தில் ஒரு மரக்கோயில் கட்டினார்கள். 1982-ல் அதைப் பெயர்த்து வளைகுடாவின் மறுபக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு, 1809 கோயிலின் சாயலில் மறுபடி கட்டினார்கள்.

பழையதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் கோயிலுக்குப் பக்கத்தில் நீளமாக, தாழ்வாக இருக்கும் அருங்காட்சியகக் கட்டடத்துக்குப் போங்கள். அதுதான் பாதிரியார்கள் வாழ்ந்த அடோபிக் கட்டடத்தின் மிஞ்சிய பகுதி. சன்னல் மாடத்தில் சுவரின் கனம் தெரியும்.

அடோபிக்கு நிலநடுக்கத்துக்கு அடுத்த எதிரி தண்ணீர். கூரை ஓடு ஒன்று நகர்ந்தால்கூடச் சுவர் கரையும். கடந்த நூற்றாண்டில் பல இடங்களில் அடோபிச் சுவருக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சிமென்ட் பூசினார்கள். அடியிலிருந்து ஏறும் ஈரம் சிமென்டைத் தாண்டி வெளியே வர முடியாமல் உள்ளேயே நின்று, பூச்சு அழகாக இருக்கும்போதே சுவரின் கால் குழைந்துபோகும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். நம் ஊர்ப் பழைய வீடுகளைப் பழுது பார்ப்பவர்களுக்கும் இது தெரிந்த விஷயம்தான்.

கேள்வி: ஸ்பானியர் ஊர் எப்படி இந்தியரும் சீனரும் ஆப்கானியரும் நிறைந்த ஊரானது? – வாசகர், சென்னை

மண், ரயில், தொழிற்சாலை, சட்டம் ஆகிய நான்கையும் பிடித்துக்கொண்டால் கதை விளங்கும்.

மண் நல்ல வண்டல். தங்க வேட்டைக் காலத்தில் மிஷன் அருகே சந்தை ஊர் உருவானது. உருளைக்கிழங்கு, கோதுமை, பிறகு பழத்தோட்டம். அசோர்ஸ் தீவுகளிலிருந்து போர்ச்சுக்கீசியர் வந்து தோட்டமும் பால்பண்ணையும் நடத்தினார்கள். பரிசுத்த ஆவித் திருவிழாவில் ஒரு சிறுமிக்கு அரசி இசபெல் போல முடிசூட்டி ஊர்வலம் அழைத்துப்போய், வந்தவர் எல்லாருக்கும் ரொட்டியின் மேல் மாட்டிறைச்சிக் குழம்பு ஊற்றி இலவசமாகப் பரிமாறுவார்கள். நம் கோயில் அன்னதானம் மாதிரிதான்.

நைல்ஸ் பள்ளத்தாக்கு வழியாக 1869-ல் ரயில் வந்தது. பாதை போட்டவர்களில் சீனத் தொழிலாளர் ஏராளம். பாறையை உடைத்தவர்களுக்கு 1882-ல் கிடைத்தது சீனர் விலக்குச் சட்டம். அடுத்து ஜப்பானியர் வந்து காய்கறியும் ஸ்ட்ராபெரியும் பூவும் பயிரிட்டார்கள். 1913 சட்டப்படி ஆசியக் குடியேறிகள் நிலம் வாங்க முடியாது. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள் பெயரில் வாங்கினார்கள். அதுவும் நிலைக்கவில்லை. ஜப்பானோடு போர் நடந்த 1942-ல், ஜப்பானியரை வெளியேற்றக் குடியரசுத் தலைவரின் ஆணை வந்ததும், கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். இந்தப் பகுதிக் குடும்பங்கள் முதலில் டான்ஃபொரான் குதிரைப் பந்தய மைதானத்தின் லாயங்களில் அடைக்கப்பட்டு, பிறகு யூட்டா பாலைவனத்தில் டோபாஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். திரும்பியபோது பலருக்கு நிலம் இல்லை.

ஃப்ரீமான்ட் என்ற நகரம் பிறந்தது 1956 ஜனவரியில்தான். மிஷன் சான் ஹோசே, நைல்ஸ், சென்டர்வில், இர்விங்டன், வார்ம் ஸ்பிரிங்ஸ் ஆகிய ஐந்து ஊர்கள் இணைந்தன. 1846-ல் சாக்ரமென்டோ ஆற்றங்கரையில் பழங்குடியினரைக் கொன்று குவித்த படையின் தலைவர் ஜான் ஃப்ரீமான்ட். அவர் பெயரை வைத்தது வருத்தத்துக்குரியது என்றே சொல்வோம். 1963-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை வந்தது. 1960-ல் 43,790 ஆக இருந்த மக்கள்தொகை 1970-ல் 1,00,869 ஆனது. அந்த ஆலை 1982-ல் மூடி, 1984-ல் டொயோட்டாவோடு கூட்டாகத் திறந்து, 2010-ல் மறுபடி மூடி, இப்போது டெஸ்லாவாக இருக்கிறது.

சட்டம்தான் ஆசியருக்குக் கதவைத் திறந்தது. 1965 குடிவரவுச் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கியது. 1990 சட்டம் எச்1பி விசாவைக் கொண்டுவந்தது. சிலிக்கான் பள்ளத்தாக்கு பக்கத்தில், வீடு அங்கேயைவிட மலிவு, பள்ளிகள் நல்லவை. சீக்கியர் முதலில் வந்து குருத்வாரா கட்டினார்கள். அந்தச் சாலைக்கே இன்று குருத்வாரா சாலை என்று பெயர். 1979-ல் சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்தபின் வந்த அகதிகள் சென்டர்வில் பக்கம் குடியேற, ஒருவர் பின் ஒருவராய் உறவினர் வந்து ‘குட்டி காபூல்’ ஆனது. 2010 கணக்கில் இந்தியர் மட்டும் ஏறத்தாழ 18 சதவீதம். 2020-ல் மொத்த மக்கள்தொகை 2,30,504. அதில் பத்தில் ஆறு பேருக்கும் மேல் ஆசியர்.

கேள்வி: லிவர்மோர் சிவா–விஷ்ணு கோயிலுக்கும் இந்த மிஷனுக்கும் தொடர்பு உண்டா? – வாசகி, கோவை

நிலத்தொடர்பு உண்டு. லிவர்மோர் பள்ளத்தாக்கு இந்த மிஷனின் மேய்ச்சல் நிலம். மிஷன் கலைந்தபின் 1839-ல் ராபர்ட் லிவர்மோர் அங்கே பண்ணை பெற்றார். ஊர்ப் பெயர் அவருடையது. அந்தப் பள்ளத்தாக்கில்தான் 1980-களில் கோயில் எழுந்தது.

கேள்வி: பேரப்பிள்ளைகளோடு ஒரே நாளில் எதையெல்லாம் பார்க்கலாம்? – ஒரு தாத்தா, மதுரை

காலையில் கயோட்டி ஹில்ஸ் பூங்காவில் தொடங்குங்கள். ஒலோனியரின் சிப்பி மேடு இருக்கும் இடம். பார்வையாளர் கூடத்தில் கோரைப் படகைக் காட்டுங்கள். பழைய கிராம இடத்துக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும், முன்கூட்டியே விசாரியுங்கள். காற்று பலமாக வீசும். சால்வை எடுத்துப் போங்கள். அடுத்து மிஷன், அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள், கோயிலில் திருமணம் நடந்தால் உள்ளே விடமாட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குச் சென்டர்வில்லில் ஆப்கான் கடை. சைவர்களுக்கு உருளைக்கிழங்கோ கீரையோ வைத்த போலானி என்ற ரொட்டி கிடைக்கும். மாலையில் நைல்ஸ்; 1915 வாக்கில் சாப்ளின் படம் எடுத்த தெரு.

மிஷனிலிருந்து கிளம்பும்போது வாஷிங்டன் பொலிவார்ட் வழியாக ஒரு மைல் மேற்கே போனால் ஒலோனி இடுகாடு வரும். ஏறத்தாழ 4,000 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். தனித்தனிக் கல்லறைகள் கிடையாது. ஒரு நினைவுக்கல், வேலி, புல். உள்ளே நுழையாதீர்கள், அது இன்றும் அவர்களின் சந்ததியாருக்குப் புனித இடம். காரில் வேகமாகப் போனால் கண்ணில் படாது. பக்கத்துத் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு வேலியோரம் நடந்து போங்கள்.